கடிக்கிற குழாய்

உயிர் வராத கம்ப்யூட்டர் ஒன்று ஒரு பெண்ணின் உயிரை எடுக்கப் பார்த்தது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று திருப்புளி அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் அந்த வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். நின்றது மட்டுமில்லை, சிரிக்கவும் செய்தாள். அதைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் உதவியது. வேலைக்குக் கிளம்பும்போது கணவருடைய பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்வாள். அதன் பையில் எப்போதும் ஒரு திருப்புளி துருத்திக்கொண்டு நிற்கும். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முன்பு அவள் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர் பழுதானால் மற்றவர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். இவள் மட்டும் ரிப்பேர்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பாள். "என்னம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியா?" என்று அவர் விளையாட்டாகக் கேட்பார். அலுவலகத்தை மூடியதும் அவள் அதைத்தான் செய்தாள்.

கணவர் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவர். அவருடைய கடையில் பாதியை வாங்கிக்கொண்டு, இவள் தன் மேஜையைப் போட்டாள். "ஒரு பக்கம் உடையிற சாமான், இன்னொரு பக்கம் உடைஞ்ச சாமான். நல்ல பொருத்தம்தான்" என்பாள் நாத்தனார். வீடுகளுக்குப் போனால் கதவைத் திறப்பவர்கள் இவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்து உங்க முன்னாடிதாங்க நிக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள்.

பாதியில் திக்கித் திணறுகிற மெஷினைவிட, அடியோடு செத்துக் கிடக்கிற மெஷின்தான் அவளுக்குப் பிடிக்கும். அது வழவழ என்று பேசாது. சுவரில் தொடங்கி உள்ளே போகவேண்டியதுதான். பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா, வயர் நன்றாக இருக்கிறதா, பவர் சப்ளை உயிரோடு இருக்கிறதா, பொத்தான் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் குற்றவாளி மாட்டிவிடும். மனிதர்கள்தான் தொந்தரவு. "நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சே ஆரம்பமாகும். அதனால் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் "உம்" கொட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. மனிதர்கள் சொல்வதைக் காதில் வாங்கினால் மெஷின் சொல்வது கேட்காது என்பாள்.

கணக்கர் வீட்டிலிருந்து போன் வந்தது ஒரு காலை நேரத்தில். கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். வீட்டிலேயே மேஜை போட்டு வேலை பார்க்கிறார். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் முந்தின நாள் மதியம் பட்டென்று நின்றதாம். அதற்கப்புறம் எத்தனை முறை பொத்தானை அமுக்கினாலும் மூச்சுப் பேச்சு இல்லையாம்.

மூன்று மாடிக் கட்டடம். கணக்கர் வீடு நடு மாடியில். அக்கா போவதற்குள் அவர் எல்லா வயரையும் கழற்றிச் சுருட்டி, சி.பி.யூ பெட்டியைத் துடைத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். மேஜைமேல் பேனாக்கள் உயரப்படி அடுக்கியிருந்தன.

"கரண்ட் இருக்கு. டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டேன். மெஷின்தான் போச்சு. எடுத்துட்டுப் போய்ப் பாருங்க" என்றார்.

அக்கா தன் டெஸ்டரையும் எடுத்துச் சுவர் பாயிண்டின் ஒரு துளையில் வைத்துப் பார்த்தாள். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் இருக்கிறது. அத்தோடு விட்டுவிட்டாள். வேறொரு சாமானை மாட்டிப் பார்த்திருக்கலாம்தான். அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அவசரம்.

அப்போது கணக்கரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். வலது கையில் முழங்கைவரை ரப்பர் உறை. அவள் உள்ளே போனதும் கணக்கர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அவளுக்குக் கொஞ்சம் நரம்புக் கோளாறு. குழாயைத் தொட்டா கடிக்குதுங்கறா. நான் தொட்டுப் பாத்தேன், டெஸ்டர் வெச்சும் பாத்தேன், ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றோம். மாத்திரை சாப்பிடறா."

"உம்" என்றாள் அக்கா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கடையில் வைத்து வயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். முதல் அமுக்கிலேயே ஜம்மென்று ஓடியது. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உள்ளே இருந்த தூசியை ஊதினாள். ராம் என்கிற நினைவுச் சில்லைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பவர் சப்ளையை மாற்றி மாற்றிச் சோதித்தாள். அணைத்து அணைத்துப் போட்டாள். மாலைவரை ஓடவிட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்ததும் காய்ச்சல் போயிடற மாதிரியா?" என்று கண்ணாடி வெட்டிக்கொண்டே கேட்டார் கணவர்.

"எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் இருந்திருக்கும். கழட்டி மாட்டினதுல சரியாயிடுச்சு" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் படியேறினாள். பாயிண்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சொருகி, சி.பி.யூ, மானிட்டர் எல்லாவற்றையும் அதில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். கல்லை அமுக்கினாலும் அதுதான்.

"உங்க கடையில ஓடுச்சுன்னீங்களே" என்றார் கணக்கர். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்த அம்மா கதவோரமாக வந்து நின்றாள். இன்றைக்கும் கையில் உறை.

"அக்கா, மெஷினைத் திரும்ப வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சும்மா."

"நேத்து முழுக்கக் குழாய் கடிக்கவே இல்ல. நீங்க அதை எடுத்துட்டுப் போனதுல இருந்து நிம்மதியா இருந்தேன். இன்னைக்குக் கடிக்கும்னு நெனைக்கறேன்."

கணக்கர் அக்காவைப் பார்த்தார். பாத்தீங்களா, நான் சொல்லவில்லையா என்கிற பார்வை. "டாக்டர்கிட்டயும் இதேதான் சொன்னா. நான் வேலை பாக்க உக்காந்தாத்தான் கடிக்குதாம். அவர் சிரிச்சுட்டு, வீட்டுக்காரர் எந்நேரமும் வேலையே கதின்னு கெடந்தா இப்படித்தான் மனசுக்குள்ள ஏதாவது வரும்னாரு" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி அன்பாகவே சொன்னார்: "கம்ப்யூட்டருக்கும் குழாய்க்கும் என்னம்மா சம்பந்தம்? அக்காவையே கேளு."

அக்கா சிரித்தாள். அவமானத்தை மறைக்கிற சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். "ஒரு சம்பந்தமும் இல்லம்மா. பயப்படாம இருங்க" என்றாள்.

"அந்த உறையைக் கழட்டிட்டுத் தைரியமாத் தொடு. டாக்டர் சொன்னாரில்ல, தொட்டுத் தொட்டுத்தான் பயம் போகும்னு" என்றார் கணக்கர்.

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உறையை மெதுவாக உருவி, கதவுப் பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா மேஜைக்கு அடியில் குனிந்தாள். அப்போதுதான் மானிட்டரில் எப்போதும் எரிகிற சின்ன விளக்கும் எரியவில்லை என்பதைக் கவனித்தாள். மெஷின் செத்தால் மானிட்டர் விளக்கு ஏன் சாகவேண்டும்? எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சும்மா கிடந்த ஒரு துளையில் டெஸ்டரை வைத்தாள். எரிந்தது. பக்கத்துத் துளையில் வைத்தாள். அதிலும் எரிந்தது.

அவள் கை அப்படியே நின்றது.

இரண்டு துளைகளில் ஒன்றுதான் எரியவேண்டும். ஒன்று கரண்ட் வருகிற வழி, மற்றது திரும்பிப் போகிற வழி. திரும்புகிற வழியிலும் எரிகிறதென்றால், வந்த கரண்ட் போக இடமில்லாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்தத் திரும்பும் வயர், அதாவது நியூட்ரல், எங்கோ அறுந்திருக்கிறது. அதனால்தான் மெஷின் ஓடவில்லை.

"சார், இந்தப் பாயிண்ட் யார் போட்டது?"

"நான்தான்" என்றார் கணக்கர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "இந்த ரூம்ல ஒரு லைட் சுவிட்சைத் தவிர ஒண்ணுமில்லாம இருந்துது. அதுல இருந்து இழுத்து நானே போட்டேன்."

"சுவிட்சுல ஒரு வயர்தானே கெடைக்கும். நியூட்ரல் எங்கருந்து எடுத்தீங்க?"

"அது ரொம்ப தூரத்துல இருந்துது. சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். தண்ணி வர்ற இரும்பு பைப்பு மண்ணுக்குள்ளதானே போகுது? அதுல ஒரு வயரைச் சுத்தி..."

அக்காவுக்கு மீதி கேட்கவில்லை. பாத்ரூமில் வாளியை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கரண்ட் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்துபோனது. சுவிட்சைத் தேட நேரமில்லை. சுவரில் இருந்த பிளக்கை வயரோடு சேர்த்துப் பிடுங்கினாள். அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம்.

அப்புறம் சத்தமே இல்லை. தண்ணீர் விழுகிற ஓசை மட்டும்.

கணக்கர் நாற்காலியில் இருந்து எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். அவருக்கு இன்னும் புரியவில்லை. அக்காதான் ஓடினாள். பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "அம்மா, அம்மா" என்று தட்டினாள். தோளால் மோதினாள். கதவு அசையவில்லை. எவ்வளவு நேரம் தட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும்.

தாழ்ப்பாள் விலகியது.

அந்த அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. குழாய் திறந்தபடி கிடந்தது. அது அவளை உதறித் தள்ளியதா, இல்லை பிளக்கைப் பிடுங்கியதால் விட்டதா என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கடிச்சுதுக்கா" என்றாள். "நான் சொன்னேன்ல."

அக்கா அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். கணக்கர் வாசற்படியில் நின்று, "என்னாச்சு? வழுக்கி விழுந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூச்சு சீரானதும் அந்த அம்மாவே கேட்டாள், "எனக்குக் காட்டுங்க" என்று.

அக்காவுக்கு அந்தப் பிளக்கைத் திரும்ப மாட்ட மனமே வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்து முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருவரையும் தூரமாக நிற்கவைத்து, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்க் குழாயின் வாயில் டெஸ்டரின் நுனியை வைத்தாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்ணீர் வருகிற குழாயில்.

"எரியுதா?"

"எரியுதும்மா."

"இன்னொரு தடவை வைங்க."

வைத்தாள். அந்த அம்மா இமைக்காமல் பார்த்தாள். பிறகு திரும்பி, கணவரைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கடையில் ஏதாவது வாங்கிவரச் சொல்கிற மாதிரிச் சாதாரணமாக, "இங்க வாங்க. வந்து பாருங்க" என்றாள்.

அவர் வந்து பார்த்தார். முதலில் டெஸ்டரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மேஜை. அவர் முகத்தில் இருந்து ஏதோ ஒன்று வழிந்து இறங்கியதை அக்கா பார்த்தாள். அக்கா ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருவதற்குள் பாத்ரூம் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்தேனே. டெஸ்டர் வெச்சுப் பாத்தேனே" என்றார்.

"வேலை முடிஞ்சு எழுந்திருக்கும்போது சுவிட்சை அணைச்சுட்டுத்தானே சார் வருவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தலையாட்டினார். ஒழுங்கான மனிதர். நாற்காலியை விட்டு எழுந்தால் பாயிண்டை அணைக்காமல் நகரமாட்டார். அவர் குளிக்கப் போகும்போது, கைகழுவப் போகும்போது, சோதித்துப் பார்க்கப் போகும்போது எல்லாம் குழாய் சாதுவாக இருந்தது. அவர் உட்கார்ந்து கணக்கு எழுதும்போதுதான் அது கடித்தது. அப்போது குழாயைத் தொடுகிற ஆள் வீட்டில் ஒருத்திதான்.

"முன்னாடி சுள்ளுனு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் அந்த அம்மா. "முந்தாநாள் மதியத்துல இருந்துதான் கையை முறிக்கிற மாதிரி அடிச்சுது. கீழ் வீட்டுல பைப்பு மாத்த ஆள் வந்த அன்னைக்கு."

அக்கா கீழே ஓடிப் பார்த்தாள். துருப்பிடித்த இரும்பு பைப்பை மண்ணுக்கு மேலேயே அறுத்து, புதிதாகப் பிளாஸ்டிக் பைப்பைப் பொருத்தியிருந்தார்கள். அதுவரை கரண்ட் எப்படியோ இரும்பு வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மெஷினும் ஓடியது, குழாயும் லேசாகக் கடித்தது. பிளாஸ்டிக் வந்ததும் வழி அடைபட்டது. மெஷின் நின்றது. மேலே இருக்கிற இரும்பு முழுக்கக் கரண்ட் தேங்கி, யாராவது தொடட்டும் என்று காத்திருந்தது. ஓடாத மெஷினை ஓடவைக்கக் கணக்கர் அன்று மதியம் முழுக்கச் சுவிட்சைப் போட்டபடியேதான் வைத்திருந்தார்.

அதே பைப்புதான் மேல்மாடிக்கும் போகிறது. அக்கா மூச்சிரைக்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். மேல் வீட்டு அம்மாள் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எங்க குழாயும்தாம்மா கடிக்குது. ரொம்ப நாளா" என்றாள் மெதுவாக.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அவள் வீட்டுக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கீழ இருக்கற பொண்ணு சொன்னா. அவளை நரம்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் எதுக்கு வாயைக் கொடுப்பானேன்னு இருந்துட்டேன்."

அக்கா படியிலேயே உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் இதுதான் அவளைப் பலமாக அடித்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு பெண்கள் ஒரே குழாயிடம் கடி வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி சொன்னாள், மாத்திரை கொடுத்தார்கள். இன்னொருத்தி அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பாயிண்டின் பியூஸைக் கையோடு பிடுங்கிக்கொண்டுதான் அக்கா அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாள். எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தாள். அவர் வந்து பைப்பில் சுற்றியிருந்த வயரை அவிழ்க்கும்வரை வாசலிலேயே நின்றாள். ஸ்கூட்டரை ஓட்ட முடியவில்லை, தள்ளிக்கொண்டே கடைவரை நடந்தாள்.

"முகமே சரியில்லையே, என்ன?" என்று கேட்டார் கணவர்.

நடந்ததைச் சொன்னாள். பிளக்கைப் பிடுங்கியதைக் கேட்டதும், கடைக்கு வந்திருந்த நாத்தனார், "நல்ல வேளை, நீ அங்க இருந்த" என்றாள்.

"நான் சிரிச்சேன்" என்றாள் அக்கா. "அவங்க சரியாத்தான் சொன்னாங்க. எடுத்துட்டுப் போனா கடிக்கல, வெச்சாக் கடிக்குதுன்னு. அதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. நான் சிரிச்சேன்."

கணவர் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டுப் போய் டீ வாங்கிவந்தார்.

கணக்கரின் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போனதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவளோ, "தூங்கணும், அதான்" என்று மட்டும் சொன்னாளாம். சில வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு வெகு நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாராம். குழாயை வெறுங்கையால் தொட அவளுக்கு நெடுநாள் ஆனது. ஒருமுறை தெருவில் அக்காவைப் பார்த்தபோது, "மனசுக்குத் தெரியுதுக்கா, கைதான் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

கணக்கர்தான் யாரும் எதிர்பாராததைச் செய்தார். மானம் போகும் என்று மூடி மறைக்கவில்லை. கணக்குக்காகப் போகிற ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து, தான் செய்த காரியத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். "என் வீட்டுக்காரியை நானே கொன்னிருப்பேன். கடிக்குதுன்னு அவ சொன்னதுக்கு மருந்தும் வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல யாராவது பைப்புல இருந்து நியூட்ரல் எடுத்திருக்காங்களா?" என்று கேட்பார். சிலர் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஆனால் அக்காவின் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு துணிக்கடைக்காரரிடம் இருந்து. தையல் மெஷினுக்காகத் தம்பி அப்படித்தான் ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுத்தானாம். கணக்கர் சொல்லும்வரை அதில் தப்பு இருக்கிறதென்றே தெரியாதாம். அக்கா எலக்ட்ரீசியனை அனுப்பிவைத்தாள். அடுத்து ஒரு அச்சகத்தில் இருந்து வந்தது. அப்புறம் ஒரு பெண் பேசினாள், யார் என்று சொல்லவில்லை. குரலை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தாள்.

"அக்கா, இது கம்ப்யூட்டர் விஷயம் இல்ல. எங்க வீட்டுல சமையல்கட்டுக் குழாய்... சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அக்கா கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"நான் நம்பறேன்மா" என்றாள். "நீங்க எதையும் தொடாம தள்ளி நில்லுங்க. வீடு எங்க இருக்கு, சொல்லுங்க."